வாயாடியின் கூடு

பதினோராவது நிமிடத்தில் பறவை இருமியது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் மூன்று மணி, வெளியே வெயில் காய்கிறது, உள்ளே திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரெல்லாம் பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்ட அந்தச் சின்ன அறையில், தூசி வாடையும் சூடேறிய கணினி வாடையும் கலந்த இருட்டில், காதை மூடிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கிற அறை. இணையத்தில் வருகிற பறவைத் தொடருக்குச் சத்தம் சேர்க்கும் வேலையை மூன்று வருஷமாக இங்கேதான் செய்கிறாள். அண்ணன் மலை ஏறுவான், பாறையில் தொங்குவான், கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். பார்க்கிற அத்தனை பேருக்கும் அவன்தான் நாயகன். இறக்கை படபடப்பதிலிருந்து இலை உதிர்வது வரை துடைத்துத் தீட்டிக் கொடுப்பது இவள்.

இந்தப் பறவைக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பேர் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் அது வாயாடி. செங்குத்துப் பாறையின் நடுவில், ஓர் ஆள் ஒண்டுகிற அளவுக்கு இருக்கும் விளிம்பில் கூடு கட்டும். கேட்ட சத்தத்தையெல்லாம் திருப்பிச் சொல்லும். கேமரா முக்காலி மடங்குகிற சத்தத்தை அது சொல்லிக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். மனுஷன் ஒரே சொல்லை இரண்டு தரம் ஒரே மாதிரி சொல்லமாட்டான், வாயாடி நூறு தரமும் அச்சுப் பிசகாமல் சொல்லும். பறவை எது, மனுஷன் எது என்று அவள் பிரிப்பது அதை வைத்துத்தான்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், கடைசியில் ஒரு செருமல்.

பதினோரு வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட இருமல் அது.

அவள் கணவர்தான் தொடருக்குக் கேமரா பிடித்தவர். போன வருஷம் இதே பாறையில், இதே கூட்டைப் படமெடுக்கப் போய்ச் செத்துப்போனார். கூட இருந்தது அண்ணன் மட்டும். "கால் வழுக்கிடுச்சும்மா. ஒரு சத்தம்கூட வரல. மாப்பிள்ளைக்கு வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு இந்த ஒரு வருஷம் சோறு இறங்கியதே அந்த வார்த்தையால்தான்.

விழுவதற்கு முன்னால் ஒரு வாரம் அங்கே இருந்தாரே, இருமியிருப்பார், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பாவி, இதையாவது எனக்காக வைத்திருந்தாயே என்று வாயாடியை மனசுக்குள் கொஞ்சினாள். சிட்டு வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும்.

சிட்டு அவள் மகள். ஒன்பது வயது. ஆறு நாளைக்கு முன் அண்ணனோடு அந்த மலைக்குத்தான் போயிருக்கிறாள். "சின்னப் பிள்ளை பறவை பார்க்கப் போனா ஜனம் விடாமப் பார்க்கும்மா. என் உசுரு மாதிரி பார்த்துக்கறேன்" என்று அண்ணன் கேட்டான். பிள்ளையும் குதித்தது. முதல் இரண்டு நாள் போனில் ஓயாமல் பேசினாள். அதற்கப்புறம் அண்ணன் தட்டி அனுப்பும் செய்திகள்தான். பாப்பா தூங்குறா. பாப்பா விளையாடுறா. பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு.

ஒலியைக் கூட்டினாள்.

"மச்சான்" என்றது வாயாடி. அவர் குரல். "கயிறு போடு மச்சான். கால் உடைஞ்சிருக்கு."

காற்று. குஞ்சு போல ஏதோ ஒன்றின் கீச்சு. பிறகு அதே அலகிலிருந்து இன்னொரு குரல், தணிந்து, கெஞ்சலாக.

"கொஞ்சம் பொறு. பறவை வருது."

அண்ணன்.

அவள் கை சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. ஹெட்போனுக்குள் காது வியர்த்தது. இல்லை, ஏதோ ஒரு தரம் சொன்னதை இது பிடித்துக்கொண்டது என்று தன்னையே சமாதானப்படுத்தப் பார்த்தாள். ஆனால் அவள் மூன்று வருஷமாகச் சத்தம் சேர்த்த தொடரின் முதல் பகுதியிலேயே அண்ணன் கேமராவைப் பார்த்துச் சொன்னது அவளுக்கு மனப்பாடம். வாயாடி ஒரு தரம் கேட்டதைச் சொல்லாது நண்பர்களே. நாள் முழுக்கக் காதில் விழணும். மூணு நாள், நாலு நாள்.

மூணு நாள். நாலு நாள்.

முட்டை பொரிகிற காட்சி. அண்ணனை ஊரறிய வைத்த காட்சி. அவர் செத்ததாகச் சொன்ன அதே நாட்களில், எதிர்ப் பாறையிலிருந்து எடுத்தது. அசையாமல் கிடப்பவருக்குப் பழகிவிடும், பல பேர் நடமாடினால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும். மீட்க நாலு பேர் வந்திருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. படத்தை மட்டும் கொடுத்தான். "சத்தம் பதிவாகலம்மா. நீயே ஏதாவது போட்டுடு" என்றான்.

அவள் புல்லாங்குழல் போட்டாள். அவர் கத்தக் கத்த, அதன் மேல். எவ்வளவு அருமை என்று எத்தனை பேர் எழுதியிருந்தார்கள்.

கூடப் பிறந்தவன். நம்பவைத்துக் கழுத்தறுத்தவன். அவன் தோளில் சாய்ந்துதான் அவள் தாலி போன துக்கத்தை அழுது தீர்த்தாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாற்போல, பிள்ளையையும் தூக்கி அவன் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

பிள்ளை.

ஒலிக்கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் பதிவானது. கூட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் கயிற்றில் இறக்கிவைத்த கருவி அதை அனுப்பியிருந்தது. அண்ணன் பழைய ஆள், மெமரி கார்டைக் கழற்றி எடுத்தால்தான் சத்தம் வெளியே வரும் என்று நினைப்பவன். இந்தப் புதுக் கருவி தானாகவே வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று அவள் சொன்னபோது அவன் காதில் வாங்கவில்லை.

நாற்பதாவது நிமிடம்.

"மாமா..."

கரகரப்பாக. தூரத்தில் இல்லை. கூட்டுக்குக் கிட்டே. விளிம்பில்.

"மாமா, மேலே தூக்கு."

அடுத்த முறை வேறு மாதிரி. அழுகை கலந்து. அடுத்த முறை மூச்சு வாங்கி, பாதி வார்த்தையோடு. மனுஷக் குரல். அவள் வயிற்றில் பிறந்த குரல்.

பிறகு தெளிவாக, கணீரென்று, "மாமா, மேலே தூக்கு." மறுபடி. மறுபடி. அதே இழுப்பு. அதே இடைவெளி. ஆறு தரம்.

வாயாடி கற்றுக்கொண்டுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். போனை எடுக்கையில் நாற்காலி சாய்ந்தது. முதலில் யார் பேரையோ தொட்டு, துண்டித்து, அண்ணன் பேரைத் தொட்டாள். மணி அடித்தது. அடித்தது. கம்பளி அறை அந்தச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது.

எடுத்தான்.

"அண்ணா, சிட்டு எங்கே? பாப்பாகிட்ட குடு. அவளைத் தூக்கு அண்ணா, உன் காலைப் பிடிக்கறேன், இப்பவே தூக்கு."

காற்று மட்டும் கேட்டது. பிறகு தணிந்த குரலில், அன்பாக, சின்ன வயசில் அவளைத் தூங்கவைத்த அதே குரலில் சொன்னான்.

"கொஞ்சம் பொறும்மா. பறவை வருது."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். காற்றுக்குப் பின்னால், எங்கோ கீழே, ஒரு குரல்.

"மாமா, மேலே தூக்கு."

உயிர் வந்தது. கத்துகிறாள். கத்துகிறாளே, இருக்கிறாள். மறுபடி கத்து கண்ணே. அழுதுகொண்டே கத்து. மூச்சு வாங்கு. வார்த்தையைப் பாதியில் விடு. மாற்றிச் சொல்லு.

"மாமா, மேலே தூக்கு."

அதே இழுப்பு.

"மாமா, மேலே தூக்கு."

அதே இடைவெளி. அச்சுப் பிசகாமல்.