சத்தமில்லாமல் வந்த வெள்ளை வண்டி

புதன்கிழமை காலை தஞ்சாவூரில் வேம்புவின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வேம்பு வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளில் எது தானாக உடைந்தது, எது உடைக்கப்பட்டது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். கணவர் இராஜாங்கம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மனைவிக்குக் காரோட்டுகிறார்; அதற்குக் கூலியாக வழியில் தென்படும் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்.

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் காயாரோகணம், நாகப்பட்டினத்துக்காரர். நீடாமங்கலத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறார். பின்னால் வந்தவள் சந்திரலேகா, அவருடைய மீன் வேனை ஓட்டும் ஜெயபாலின் மனைவி. காயாரோகணத்தின் மனைவி தனபாக்கியம் பின்சீட்டைவிட்டு அசையவில்லை. இராஜாங்கம் தண்ணீர் கொண்டுபோய் நீட்டியும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரோட்ல அடிபட்டுக் கெடந்தவரத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தாருங்க எங்க வீட்டுக்காரரு," என்றாள் சந்திரலேகா. "இப்ப இடிச்சதே அவருதான்னு புடிச்சு வச்சிருக்காங்க. வேன நீங்க பாத்துச் சொன்னா நம்புவாங்கன்னு நாந்தான் முதலாளிய வற்புறுத்திக் கூட்டியாந்தேன்."

அடிபட்டவர் தமிழ்மாறன் என்ற விவசாயி. நடந்து போனவரைப் பின்னாலிருந்து வண்டி இடித்துக் கால் முறிந்துவிட்டது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவர் மேல் குனிந்திருந்த முகம் ஜெயபாலுடையது. வேன் வெள்ளை நிறம், முன்விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது. போலீசுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"தெரியாம இடிச்சிட்டேன்னு ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளிய வந்துடலாம் மேடம்," என்றார் காயாரோகணம். "குடும்பத்த நான் பாத்துக்குறேன். நாளைக்கு எழுதிக் குடுத்துடச் சொல்லியிருக்கேன்."

"செய்யாதத ஏன் முதலாளி ஒத்துக்கணும்?" சந்திரலேகாவின் குரல் உயர்ந்தது. "லைசென்ஸ் போயிட்டா அவருக்கு வேற பொழப்பு ஏது? எம் புள்ளைங்களை ஊரு என்னன்னு சொல்லும்?"

வேம்பு காயாரோகணத்திடம் திரும்பினார். "உங்ககிட்ட வேற வண்டி இருக்கா?"

"இந்தக் காரு ஒண்ணுதான். இதுவும் வெள்ளிக்கிழமையிலேருந்து கல்லு மாதிரி வீட்டுல கெடந்துச்சு. ஈசிஎம் போயிடுச்சாம். இன்ஜினுக்கு மூளை மாதிரின்னு மெக்கானிக் சொன்னான். நேத்து புதுசு மாத்தினப்புறந்தான் ஓடுது."

வழியனுப்பப் போன வேம்பு காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தார். பம்பருக்கு அடியில் காய்ந்த உளுந்தஞ்செடியும் வெடித்த காய்களும் சிக்கித் தொங்கின. "கார் கழுவவே மாட்டார் போலிருக்கு," என்றார் இராஜாங்கம், கார் போன பிறகு.

அன்றே இருவரும் காவல் நிலைய வளாகத்தில் நின்ற மீன் வேனைப் பார்த்தார்கள். உடைந்த விளக்குக்குள் ஒரு குளவிக் கூடு இருந்தது. குஞ்சுகள் துளைபோட்டு வெளியேறிய பழைய மண்கூடு. "இது எப்பவோ உடைஞ்ச விளக்கு சார்," என்றார் வேம்பு. சப்-இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை. ஆனால் பம்பரால் இடித்திருக்கலாமே என்றார். அதுவும் நியாயம்தான்.

விபத்து நடந்த சாலை சுத்தமாக இருந்தது. பக்கத்துக் களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்த செந்தாமரையிடம் வேம்பு பேச்சுக் கொடுத்தார்.

"மழை விட்டு சனிக்கிழமைதாம்மா பறிச்சோம். ஞாயித்துக்கிழமை ரோட்ல பரப்புனோம். வண்டி ஏறி எறங்குனா காய் தானா வெடிச்சுக்கும், எங்களுக்கு அடிக்கிற வேலை மிச்சம். அன்னிக்கே இது நடந்துபோச்சு. போலீஸ் வந்து எல்லாத்தையும் அள்ளச் சொல்லிடுச்சு."

"இடிச்ச வண்டியப் பாத்தீங்களா?"

"குனிஞ்சு கெளறிக்கிட்டிருந்தேன். சத்தமே இல்லாம வந்துச்சும்மா. அவரு கத்துனப்புறந்தான் நிமுந்தேன். வெள்ளையா ஏதோ வளைவுல போயி மறைஞ்சுது. பெறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேட்டுச்சு. மீன் வேனு அதுக்கப்புறம் வந்துச்சு. போலீசுல சொன்னேன். சத்தம் போடாம எந்த வண்டி வரும், அதே வேன்தான் திரும்பி வந்திருக்கும்னு சிரிச்சாங்க."

இராஜாங்கத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பேட்டரி கார் வேம்பு! ஜில்லாவுல இருக்க வெள்ளைப் பேட்டரி காரையெல்லாம் பிடிச்சா ஆள் சிக்கிடுவான்."

"பேட்டரி கார்னா கிளம்புறப்பவும் சத்தம் வராதேங்க."

இராஜாங்கம் கார் சாவியை எடுத்தார்.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் நின்னுபோன வண்டி அது. வந்த வேகத்துல உருண்டு வந்திருக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்கு," என்றார் வேம்பு. "கூத்தாநல்லூருக்கு விடுங்க."

அங்கேதான் காயாரோகணத்தின் மெக்கானிக் அஸார் ஷெட் வைத்திருந்தான். "வெள்ளிக்கிழமை உச்சி வெயில்ல நடுரோட்ல நின்னிடுச்சுன்னு கூப்பிட்டாரு. போயிப் பாத்தா உசிரே இல்ல. ஸ்கேனர் போட்டா ஈசிஎம் பதிலே குடுக்கல. வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயி விட்டுட்டு, புதுசு வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னேங்கக்கா."

"பழசு எங்க?"

அஸார் சிரித்தான். "அவரு பழைய பிரேக் ஷூவைக்கூட கேட்டு வாங்கிட்டுப் போற ஆளு. மாத்தினேனா, மாத்தாமலே காசு வாங்குறேனான்னு சந்தேகம். இத மட்டும் வெண்ணாத்துல தூக்கிப் போடுன்னுட்டாரு. எனக்கு மனசு வரல, வச்சிருக்கேன்."

வேம்பு உடனே காயாரோகணத்துக்குப் போன் செய்து, காரை ஒருமுறை பார்க்க வேண்டும், மனைவியையும் அழைத்து வாருங்கள் என்றார்.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக வந்திருந்தார். அன்று மதியம் ஜெயபால் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. சந்திரலேகா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க காருக்கு அடியில உளுந்தஞ்செடி சிக்கியிருக்கு," என்று தொடங்கினார் வேம்பு. "அந்த ரோட்ல உளுந்து கெடந்தது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். அன்னிக்கு உங்க கார் ஓடவே இல்லன்னு நீங்க சொல்றீங்க."

"டெல்டாவுல உளுந்து போடாத ரோடு எது மேடம்? நேத்து வேற எங்கயாவது சிக்கியிருக்கும்."

"இருக்கலாம். உளுந்தை வச்சு சந்தேகப்படத்தான் முடியும். அதனாலதான் தம்பிகிட்ட ஒரு வேலை சொல்லியிருக்கேன்."

அஸார் புதிய ஈசிஎம்மைக் கழற்றிப் பழையதை மாட்டினான். காயாரோகணத்தின் முகம் வெளுத்தது. ஆற்றில் கிடப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்த பொருள் அது. அஸார் சாவியைத் திருகினான். கல்லு மாதிரி கிடந்ததாகச் சொன்ன கார் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆனது.

"உள்ள ஈயப் பத்து, அதான் சால்டரிங், விரிசல் விட்டிருக்குங்க சார்," என்றான் அஸார். "ஆறியிருந்தா ஒட்டிக்கும், ஓடும். சூடேறினா விட்டுடும். சாவிய அணைச்சுத் திருகினா சில நேரம் திரும்ப ஒட்டிக்கும். அன்னிக்கு வெயில்ல பாத்ததால அடியோட போச்சுன்னு நெனச்சிட்டேன். என் தப்புங்க."

அவன் சூடான காற்று ஊதும் கருவியை ஈசிஎம் பக்கம் பிடித்தான். இன்ஜின் சட்டென்று நின்றது.

"சார், உள்ள உக்காந்து பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க," என்றார் வேம்பு.

சப்-இன்ஸ்பெக்டர் மிதித்தார். முதல் இரண்டு தடவை பெடல் இறங்கியது. பிறகு அவர் முழு பலத்தோடு மிதித்தும் அசையவில்லை. ஸ்டியரிங்கையும் திருப்பிப் பார்த்தார். அது இறுகிக் கிடந்தது.

"இன்ஜின் நின்னா பிரேக்கும் ஸ்டியரிங்கும் இப்படி இறுகிடும். இப்படித்தான் சத்தமில்லாம போயி இடிச்சிருக்கு. பம்பர் பிளாஸ்டிக். அமுங்கித் திரும்ப நிமிந்துக்கும்," என்றார் வேம்பு. "பழைய பிரேக் ஷூவைக்கூட விடாதவர் இத மட்டும் ஆத்துல போடச் சொன்னது ஏன்? யாராவது மறுபடி மாட்டிப் பாத்துடக் கூடாதுன்னுதான்."

காயாரோகணம் சமாளித்துக்கொண்டார். "ஓடக்கூடிய வண்டின்னா நான் ஓட்டினேன்னு ஆயிடுமா? யாராச்சும் பாத்தாங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் வேம்புவைப் பார்த்தார். வேம்புவிடம் உண்மையிலேயே வேறு சாட்சியம் இல்லை. அவர் தனபாக்கியத்தை மட்டும் பார்த்தார்.

"நான் பாத்தேன்," என்றார் தனபாக்கியம்.

"நீ சும்மா இரு!"

"சும்மாத்தான் இருந்தேன். சோறு எறங்கல." அவர் சந்திரலேகா பக்கம் திரும்பினார். "ஒரு வளைகாப்புக்குக் கெளம்புனோம் லேகா. சும்மா போட்டுப் பாப்போம்னு சாவியப் போட்டாரு, வண்டி கெளம்பிடுச்சு. பாதி வழியில தன்னால நின்னு, உருண்டு போயி அந்த மனுசன் மேல இடிச்சிடுச்சு. வளைவு தாண்டி நின்னுச்சு. நான் கதவத் தொறந்து ஒரு கால வெளிய வச்சிட்டேன். இவரு சாவியத் திருகினாரு. அந்தப் பாழாப்போன வண்டி அப்பப் பாத்து ஸ்டார்ட் ஆச்சு."

காயாரோகணம் ஓரமாக அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அது மட்டும் ஸ்டார்ட் ஆகாம இருந்திருந்தா, நாங்களே எறங்கி ஓடிப்போயித் தூக்கியிருப்போம்," என்றார் தனபாக்கியம். "ஒம் புருசன் வரவேண்டியதே இருந்திருக்காது."

சந்திரலேகா தூணை விட்டு விலகினாள். சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "எங்க வீட்டுக்காரர எப்ப சார் விடுவீங்க?" என்று கேட்டாள்.