ஆரோக்கியம் கொடுத்த பெட்டிகள்

டிரங்கைத் திறந்ததும் பச்சைக் கரும்பின் வாசனை அடித்தது. மரியசுந்தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முகர்ந்தான். போன கிறிஸ்துமஸ் முடிந்து, பூட்டிப் பரண்மேல் ஏற்றிய டிரங்கு. நடுவில் யாரும் தொடவில்லை. உள்ளே பொம்மை ரயிலின் இன்ஜினும் மூன்று பெட்டிகளும் பழைய பளபளப்போடு இருந்தன. தகரத் தண்டவாளங்கள் மட்டும், கனமான ஏதோ ஏறி இறங்கியதுபோல், தட்டையாக நசுங்கிக் கிடந்தன.

"மேல ஏதாச்சும் உழுந்திருக்கும்ங்க," என்றாள் மனைவி அல்போன்சா. டிரங்கின் மூடியில் ஒரு நெளிவுகூட இல்லை.

அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்னும் சிப்பாயாக இருந்துவிட்டுக் கப்பலேறி ஊர் திரும்பியபோது வாங்கி வந்த ரயில் அது. பாகூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில், வருஷா வருஷம் அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி அது ஓடும். ஓடாவிட்டால் மகள் பிலோமி சோறு தின்ன மாட்டாள். அவன் புதுச்சேரிக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கினான். கடைசிக் கடைக்காரர் தண்டவாளத்தை விரலால் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த அகலத்துல இப்ப வர்றதில்லப்பா. இதே செட்டு யாருகிட்டயாச்சும் இருந்தா கேட்டுப் பாரு."

இருந்தது. அப்பாவோடு அதே கப்பலில் திரும்பிய இன்னொரு சொல்தாவும் அதே ரயிலை வாங்கியிருந்தார். இப்போது அது அவருடைய மருமகள் ஆரோக்கியத்தின் வீட்டில் கிடக்கிறது. உலகத்தில் அந்த ஒரு வாசலை மட்டும் மரியசுந்தரம் மிதிக்க மாட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில், அவளே வந்தாள். அல்போன்சாவும் குழந்தையும் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்தார்கள்.

"தண்டவாளம் தேடுறியாமே?" ஆரோக்கியத்தின் கையில் ஈரச் சாக்குப் பை. "இந்தா. மூணு பெட்டியும் இருக்கு. எம்புள்ள ஓட்டுனது."

"வேணாங்கா. தனிஸ்லாசு ஞாபகமா உங்க வூட்லயே இருக்கட்டும்."

"கரும்பு திருடுன பையனுக்கு ஞாபகம் இன்னாத்துக்கு?" அவள் சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை. "ஓட்டுப்பா. பின்னால பாக்காம ஓட்டுறவன்தானே நீ."

பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன தை மாதம் கரும்பு வெட்டின்போது, லோடு ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டரைப் பின்னால் எடுத்தவன் அவன், திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தபோது டிரெய்லர் சக்கரத்தடியில் பையன் கிடந்தான். ஆட்கள் ஓடி வருவதற்குள் ஒரு கரும்பை ஒடித்துத் தனிஸ்லாஸின் கையில் சொருகினான். 'திருட்டுத்தனமா உருவுனான், லோடு சரிஞ்சு உழுந்துடுச்சு' என்றான். ஊர் நம்பியது. பத்து வயசுப் பையன் திருடனாகவே புதைக்கப்பட்டான்.

பையைக் கிணற்றில் போட்டிருக்கலாம். ஆனால் பிலோமியின் முகம் கண்முன் வந்தது. களிமண் பூசிய குடில் மலையைச் சுற்றி, அதன் குகை வழியாக, தண்டவாளங்களைப் பொருத்தினான். ஒன்றுக்குள் ஒன்று பசி எடுத்ததுபோல் கவ்விக்கொண்டன. ஆறு பெட்டிகளையும் கோத்துச் சாவி கொடுத்தான்.

முதல் சுற்றில் தகரம் தகரத்தோடு உரசும் கிறீச்சொலி மட்டும் கேட்டது. அடுத்த சுற்றில் அதற்கு அடியிலிருந்து வேறொரு சத்தம், தூரத்து வயலில் சேற்றில் சிக்கிய டிராக்டர் உறுமுவதுபோல், தரையைத் தொட்டு அவன் முழங்கால் எலும்பு வழியாக மேலே ஏறியது. வைக்கோல், மெழுகுவர்த்தி வாசனையெல்லாம் அடங்கி டீசல் நாற்றமும் கரும்புச் சாறும் அறையை அடைத்துக்கொண்டன. குகைக்குள்ளிருந்து பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவன் கோத்தவை தாண்டிப் போய்விட்டன. இன்னும் வந்தன. கறுத்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கரும்பு லோடு. வெட்டு வாயில் சாறு கசிந்தது.

ரயில் நின்றது.

பின்னால் நகர்ந்தது.

அந்த இன்ஜினுக்குப் பின்னால் போகத் தெரியாது.

அவன் பாய்ந்து கடைசிப் பெட்டியைப் பிடித்தான். சக்கரம் விரல்மேல் ஏறியது. தகரத்தின் கனம் இல்லை. டன் கணக்கில் கனம். எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. ரயில் அவன் கைமேலேயே நின்றுகொண்டது. இழுத்தான். வரவில்லை.

"அப்பா! ரயிலு வந்துடுச்சா?"

பிலோமி. வெள்ளைக் கவுன், சிவப்பு ரிப்பன். பின்னால் அல்போன்சா, "கீழ படுக்காதடி, அழுக்காவும்," என்றபடி அடுப்படிக்குள் போனாள்.

மலையின் மறுபக்கத்தில் போய்க் குப்புறப் படுத்தாள் குழந்தை. குகைக்குள் எட்டிப் பார்க்கக் கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்தாள்.

அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். உறுமல்தான் கேட்டது. அடுப்படியில் பாத்திரம் கழுவும் கை ஓயவில்லை. பிலோமி நிமிரவில்லை.

அவன் கைமேல் நின்றது அசையவில்லை. அந்தப் பக்கம், குகையின் இருட்டிலிருந்து வேறொரு பெட்டி பின்வாங்கி வெளியே வந்தது. மெதுவாக.

சக்கரம் ரிப்பன் நுனியில் ஏறியது.

பிலோமி சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கப் பார்த்தாள். தலை வரவில்லை.