பூட்டியிருந்த அலமாரி

காலை பத்தரை மணி. முடக்குவாத நோயாளிகள் சங்கத்தின் அலமாரி திறந்தது. உள்ளே கையுறைகளைக் காணோம்.

அவை லேசுப்பட்ட கையுறைகள் அல்ல. சங்கத்துத் தையற்காரம்மா வலியோடு வலியாக, விரலுக்கு விரல் பட்டை வைத்துத் தைத்தவை. போட்டுக்கொண்டால் யார் கையும் சங்கத்தாரின் கையைப் போலவே விறைத்துவிடும். பதினோரு மணிக்கு வரும் சுகாதார அதிகாரி அவற்றை மாட்டிக்கொண்டு, மாத்திரை டப்பாவின் மூடியைத் திருகிப் பார்க்க வேண்டும். சுலபமாகத் திறக்கும் மூடி கேட்டு நடையாய் நடந்தாயிற்று. போன தடவை வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனதோடு சரி.

விசாரணையைக் கையில் எடுத்தவர் ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர். விரல்கள் மடங்க மறுத்தபின் சங்கத்தில் சேர்ந்தவர். பிஸ்கட் கொடுப்பவரைக்கூட ஏற இறங்கப் பார்ப்பார்.

எல்லார் கண்ணும் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் மேல்தான். மூடியை மாற்றுவது வெட்டி வேலை என்று முணுமுணுப்பவர். அலமாரியைத் திறந்தவரும் அவரே.

"சாவி திருப்ப முடியலன்னு நீங்கதானே கூப்பிட்டீங்க?" என்றார் அவர் பரிதாபமாக.

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிக் கைப்பிடிகளில் வழக்கமாக மாட்டும் துணி வளையம், சாவி ஆணியில் சும்மா தொங்கியது. மூலையில் தையற்காரம்மாவின் கணவர் நின்றார். முன்னாள் ஸ்டோர் கீப்பர்; இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள்; தினமும் வாசலில் நின்று "கிளம்பு, கிளம்பு" என்று மனைவியை விரட்டுபவர். இன்று அவர் சட்டைப் பித்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

"யார் திறந்ததுன்னே யோசிக்கிறோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "யார் பூட்டினது? சாவி திருப்ப முடியாமத்தானே நாம வளையம் மாட்டி வைக்கிறோம்? எடுத்த ஆள் பழக்கதோஷத்துல பூட்டிட்டாரு. நல்ல கை, பூட்டிப் பழகின கை. ஆனா இன்னிக்குக் காலைல மட்டும் அந்தக் கையால ஒரு சட்டைகூடப் போட முடியல."

ஸ்டோர் கீப்பர் பையிலிருந்து கையுறைகளை எடுத்து வைத்தார்.

"கேட்டா நானே குடுத்திருப்பேனே," என்றாள் மனைவி.

"கேக்க வெக்கமா இருந்துச்சு. உனக்கு எப்படி இருக்கும்னு போட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. பாத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் உடனே தண்டனை விதித்தார்: இதையே அவர் அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு, தானும் ஒரு வார்த்தை சொல்வதாகச் சொன்னார்.

தையற்காரம்மா கணவரின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டத் தொடங்கினாள். பாதியில், கீழே அதிகாரியின் கார் வந்து நின்றது. அவள் அவசர அவசரமாக அடுத்த பித்தானைப் பிடித்தாள்.

"நிதானமாப் போடு," என்றார் அவர். "அவர் காத்திருக்கட்டும்."