ஃபியூஸ் இல்லாத பேட்டரி

விஜயன் பாக்கி வைத்தது இருநூற்று நாற்பது வெள்ளி. காரை நிறுத்தினாலும் முன்கண்ணாடிக் கேமரா பதிவு செய்துகொண்டிருக்க, சீட்டுக்கு அடியில் தனி பேட்டரி மாட்டிய கூலி அது.

"ஓடிப்போனா கேமராவுல பாத்துப் பிடிச்சிக்குங்க லா அண்ணே" என்று சிரித்தான்.

மேரு டவுனில் கார் வயரிங் கடை வைத்திருந்த சுகுமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிச் சிரித்தவர்களை நிறையப் பார்த்தவன். பேட்டரியிலிருந்து கேமராவுக்குப் போகும் வயரில் இருந்த சின்ன ஃபியூஸை உருவி மேசை டிராயரில் போட்டுக்கொண்டான். எஞ்சின் ஓடினால் காரின் கரண்டில் கேமரா ஓடும், நின்றால் நின்றுவிடும். காசு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று விஜயனிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டான்.

பத்தாம் நாள் டெங்கில் ஊர்ப் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரம் காரை நிறுத்திய விஜயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஆள் பார்த்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து, மழை கட்டி இருண்ட ஒரு மத்தியானம், அவன் மனைவி புஷ்பவல்லி அந்தக் காரை ஓட்டி வந்தாள். விற்கப் போகிறாளாம். கேமராவைத் திறந்து பார்க்க அவளுக்குத் தெரியவில்லையாம்.

"அந்த மூணு மணி நேரம் என்னைக் கூப்பிட்டாரா அண்ணே? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

நின்ற காரில் எதுவும் பதிவாகியிருக்காது. ஏன் பதிவாகவில்லை என்பது சுகுமாறன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தான். கோடாலித் தைல வாசம். ஒரு மாதமாய்ப் பூட்டிக் கிடந்த காரில், இப்போதுதான் யாரோ நெஞ்சில் தேய்த்துக்கொண்ட மாதிரி.

குனிந்தான்.

சீட்டுக்கடியில், கேமராவுக்குக் கரண்ட் போனால் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது.

ஃபியூஸ் இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருந்தது. பேட்டரியில் கை வைத்தான். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலக் கொதித்தது.

கேமராவின் சின்னத் திரையில் அந்த நாளைத் தேடினான். இருந்தது. மழையில் கரையும் செம்பனை மரங்கள். படம் அசையவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து.

"புஷ்பா... வலி இல்ல. பயப்படாத."

புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெகுநேரம் மழைச் சத்தம். மூச்சு நின்று எத்தனையோ நேரம் கழித்து, அதே குரல், காதருகே.

"அண்ணே, காசு சட்டைப் பையில இருக்கு. உங்ககிட்டத்தான் வந்துகிட்டிருந்தேன்."

சுகுமாறன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஃபியூஸை எடுத்ததை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் திட்டவில்லை. பச்சை விளக்கைக் காட்டினாள்.

"அப்ப இத்தன நாளா இதை எரிய வச்சது யாரு அண்ணே?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த பை பின்சீட்டிலேயே கிடந்தது. உள்ளே, துவைக்க மனம் வராத அவர் சட்டை. சட்டைப் பையில் நான்கு ஐம்பது, இரண்டு இருபது. வேண்டாம் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டும் கேளாமல் மேசையில் வைத்தாள்.

"கடனோட அவரைப் போகவிடாதீங்க."

காரை விற்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதை ஓட்டிக்கொண்டு மழையில் போனாள்.

சுகுமாறன் நோட்டில் விஜயன் பெயரை அடித்தான். பணத்தை வைக்க டிராயரை இழுத்தான். தைல வாசம் அடித்தது. அன்றைக்கு உருவிப் போட்ட புது ஃபியூஸ், உள்ளே கம்பி அறுந்து கருகிக் கிடந்தது.

தொட்டான்.

சுட்டது.