மிதவைக்குக் கீழே

கஜரூபனுக்குப் பின்னால் இன்னொரு விளக்கு வட்டம் போட்டபோது, அது பீலிக்ஸாகத்தான் இருக்கும் என்று தக்சாயினி நினைத்தாள்.

கடலடி மணலில் முழந்தாளிட்டிருந்தாள். நவம்பர் மாதத்துப் பால்டிக் கடல் பகலிலும் பச்சைக் கறுப்பாகக் கலங்கிக் கிடந்தது. கையை நீட்டினால் விரல் நுனிகள் மங்கிப்போகும். முன்னால் நின்ற கஜரூபன் தன் கைவிளக்கால் மணலில் மெதுவாக ஒரு வட்டம் வரைந்தார். தண்ணீருக்கடியில் அந்த வட்டம் கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். ஒருவர் போட்டால் ‘நலமா?’ என்று பொருள். மற்றவர் திருப்பிப் போட்டால் ‘நலம்.’ அவள் திருப்பிப் போட்டாள். அப்போதுதான் அவருக்குப் பின்னால், தரை சரிந்து இருட்டுக்குள் இறங்குகிற பக்கத்தில், இன்னொரு வெளிச்சம் மெல்லச் சுற்றியது. அவளுடைய பதில் கிடைக்காததுபோல மறுபடியும் சுற்றியது. அவள் அதற்கும் ஒரு வட்டம் போட்டாள்.

கரையேறியபோது பீலிக்ஸ் வான் வண்டிக்குள் குந்தியிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். பயிற்சி நாட்களில் கரைக் காவலுக்கு வருகிற உதவியாளன் அவன். அவனுடைய தலைமயிர் காய்ந்திருந்தது. ரப்பர் உடுப்பு மடித்தபடியே பின்சீற்றில் கிடந்தது.

“அண்ணை, எங்களைவிட வேற ஆரும் தண்ணிக்குள்ள இறங்கினவையோ?” என்று கேட்டாள்.

கஜரூபன் சிலிண்டரை இறக்கி வைத்தபடியே சொன்னார். “இல்லையே. இந்தக் குளிருக்குள்ள எங்களைப்போல விசரர் வேற ஆர் வரப்போகினம்?”

“உங்களுக்குப் பின்னால ஒரு லைற் நிண்டது. வட்டம் போட்டது.”

அவருடைய கைகள் நின்றன. கடலைப் பார்க்காமல், ஈரக் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

“நீர் திருப்பிக் காட்டினனீரோ?”

“ஓம். பீலிக்ஸ் எண்டு நினைச்சன்.”

“இனிக் காட்டாதையும்.” பிறகு வழக்கம்போல முகம் முழுக்கச் சிரித்தார். “கலங்கல் தண்ணியில எங்கட வெளிச்சமே திரும்பி அடிக்கும். ஆனாலும், கேக்கிறது ஆரெண்டு தெரியாமல் ஓம் எண்டு சொல்லக்கூடாது.”

சிலிண்டரைத் தூக்கி வண்டிக்குள் ஏற்றினார்.

தக்சாயினி ஜெர்மனியின் எசன் நகரில் வளர்ந்தவள். வேலைக்காகக் கீல் நகருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துகிற கடை ஒன்றில் வேலை. சத்தம் புகாத சிறிய அறைக்குள் முதியவர்களை இருத்தி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக விடுவாள். கேட்டால் அவர்கள் கையை உயர்த்த வேண்டும். மாலையில் கடைக் கதவைப் பூட்டியதும் அவளுடைய குரலுக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமும். மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுப்பார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் கடையைப் பூட்டினால், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளுக்கு வணக்கம் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நீச்சல் குளத்துச் சுவரில் சுழியோடும் பயிற்சிக்கான விளம்பரத்தைப் பார்த்தபோது அவளை நிறுத்தியது கடல் ஆசையல்ல. ‘ஆசிரியர் கஜரூபன்’ என்று கிடந்த தமிழ்ப் பெயர். அதற்குக் கீழே, முதல் விதியாக, தண்ணீருக்கடியில் யாரும் தனியே போவதில்லை, எப்போதும் ஒரு துணை உண்டு என்று எழுதியிருந்தது. அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

கஜரூபன் கிழமை நாட்களில் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு ஒட்டுகிறவர். சனி, ஞாயிறுகளில் சுழியோடப் பழக்குவார். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் அவருடைய மூச்சுக் குழாய் பழையது. ஒவ்வொரு முறை காற்றை இழுத்து முடிக்கும்போதும் ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் போடும். வேறு யாரும் கவனியாத அந்தச் சத்தத்தை அவள் முதல் நாளே பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று மனிதக் காதால் சொல்ல ஏலாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோலவே இருக்கும். அதனாலேயே அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. டிக். எங்கே திரும்பினாலும் பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

குளிர் தொடங்கியதும் மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். அவள் மட்டும் மிஞ்சினாள்.

“நாளைக்கு உம்மட கடைசிப் பரீட்சை,” என்றார் கஜரூபன், வான் கதவைச் சாத்தியபடி. “முடிச்சிட்டு எங்கட வீட்டை வாரும். என்ர மனுசி கலா இடியப்பம் அவிக்கிறன் எண்டவா. பாஸ் பண்ணி, சுழியோடுற கார்ட் கிடைச்சிட்டால் இனி ஒவ்வொரு ஞாயிறும் எங்கட குழுவோட வரலாம்.”

“வாறன் அண்ணை,” என்றாள். வீடு போகும்வரை அந்தச் சொல் வாயில் இனித்தது.

ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தனியே இருந்தபோது நினைவுக்கு வந்தது இடியப்பமல்ல, அந்த வெளிச்சம். அவசரமில்லாமல், அலுக்காமல், ஒரே அளவாகச் சுற்றிய வெளிச்சம். நலமா? இந்த ஊரில் அவளிடம் யார் அதைக் கேட்டார்கள்? கேட்டவர்களும் பதிலுக்குக் காத்து நின்றதில்லை. அது காத்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பீலிக்ஸுக்குக் காய்ச்சல். கஜரூபன் தொலைபேசியில் அவனுடன் ஜெர்மனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “பரவாயில்லை, சின்னச் சுழியோட்டம்தானே. நாங்கள் ரெண்டு பேரும் காணும்,” என்றார்.

கடற்கரையில் ஒரு மனிதரும் இல்லை. மணல் மேட்டுக்கு மேலே கோடைகால வீடுகள் யன்னல் மூடிக் கிடந்தன. அழுகிய கடற்புல்லின் வாசமும், தூரத்தில் எங்கோ விறகு எரியும் வாசமும் கலந்து வந்தன. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடக்க, அதன் நடுவே செம்மஞ்சள் மிதவை மட்டும் தன் நிழலின்மேல் நின்றது. மிதவையிலிருந்து கீழே போகும் கயிற்றைப் பிடித்தபடி இருவரும் இறங்கினார்கள். முகத்தில் திறந்திருந்த இடமெல்லாம் குளிர் ஊசியாய்க் குத்தியது. பச்சை மங்கி, பழுப்பாகி, பிறகு விளக்கின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

டிக். டிக்.

பரீட்சை இலகுவானது. திசைகாட்டியைப் பார்த்தபடி நேராக நீந்திப் போய், திரும்பி அதே கயிற்றுக்கு வர வேண்டும். கஜரூபன் தோளருகே கூடவே வருவார். போகும்போது எல்லாம் சரியாகவே நடந்தது. திரும்பும்போது அவளுடைய கால்துடுப்பு சேற்றில் அடித்துவிட்டது. சாம்பல் மேகம்போலச் சேறு கிளம்பியது. விளக்கு வெளிச்சம் அந்தச் சேற்றிலேயே முட்டி நின்றது. திசைகாட்டி தெரியவில்லை. தன் கையே தெரியவில்லை. தோள் பக்கம் துழாவினாள். தண்ணீர்தான் இருந்தது.

அசையாமல் நில். அவர் பழக்கியது அதுதான். நின்றாள். தன் மூச்சு மார்புக்குள் பறையடிப்பதைக் கேட்டாள். அதற்கு இடையில், தெளிவாக, டிக். எங்கிருந்தென்று தெரியவில்லை. ஆனால் இருந்தார்.

சேறு மெல்லப் படிந்தபோது வெளிச்சம் தெரிந்தது. கொஞ்சம் தாழ்வில். அது வட்டம் போட்டது.

நலமா?

அவள் விளக்கைத் தூக்கவில்லை. நேற்று அவர் சொன்னது காதுக்குள் நின்றது. வெளிச்சம் காத்திருந்தது. மறுபடியும் சுற்றியது, அதே அளவாக, அதே பொறுமையோடு. அவர்தானே கேட்கிறார்? வேறு யார் கேட்கப்போகிறார்கள்? பதில் சொல்லாவிட்டால் தனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிடுவார். அப்படியெல்லாம் தனக்குத்தானே காரணம் சொன்னாள். உண்மையில் அந்த நேரத்தில் அவளால் தனியே நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அவள் வட்டம் போட்டாள்.

வெளிச்சம் நெருங்கி வந்தது. கறுப்பு ரப்பர் உடுப்பு, கையில் மஞ்சள் பட்டி, கண்ணாடிக்குள் கஜரூபனின் கண்கள். நெஞ்சு தளர்ந்து அழுகை வந்தது. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பதறாத, உறுதியான பிடி. திசைகாட்டியைப் பார்க்காமலே அவளை நேராகக் கயிற்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இருவரும் மேலே ஏறத் தொடங்கினார்கள். டிக், டிக் என்று அந்தச் சத்தம் கூடவே வந்தது. கொஞ்சம் வேகமாக. அவரும் களைத்துப்போயிருப்பார் என்று நினைத்தாள்.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, உடம்பு பழகுவதற்காகச் சிறிது நேரம் தரித்து நிற்க வேண்டும். கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே சாம்பல் வானம் ஒரு தகரத் தட்டுப்போல மினுங்கியது. அவள் மூச்சை விட்டாள். குமிழிகள் கொத்தாகக் கிளம்பி, காதை உரசிக்கொண்டு, மேலே போய் உடைந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வடிவாக இருந்தது. இன்னொரு மூச்சு விட்டாள். இன்னொரு கொத்து.

ஒரு கொத்துத்தான்.

அவர் பக்கம் திரும்பினாள். மூச்சுக் குழாய் வாயில் இருந்தது. கண்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. குழாயின் இரு பக்கமும் தண்ணீர் தெளிந்து நின்றது. மூச்சைப் பிடித்திருக்கிறாராக்கும். காத்திருந்தாள். தன் நெஞ்சு நோகும்வரை காத்திருந்தாள்.

குமிழி இல்லை.

டிக்.

சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. இழுத்து, டிக் என்று முடிந்து, கரகரவென்று வெளியேறிய மூச்சு. பக்கத்தில் நின்றவரின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

குனிந்து கீழே பார்த்தாள். கயிறு இறங்கி இறங்கிப் பச்சைக்குள் மறைந்தது. அந்த ஆழத்திலிருந்து, கயிற்றை ஒட்டி, வெள்ளிக் குமிழிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. அவளுடைய காலைத் தொட்டு, முகத்தைத் தொட்டு, மேலே போயின.

டிக். டிக். டிக்.

மணிக்கட்டை இழுத்தாள். வரவில்லை. அந்தப் பிடி இறுகவுமில்லை, தளரவுமில்லை. பிறகு அதுவே அவளை மேலே கொண்டுபோனது. ஒழுங்காக. மெதுவாக. ஆசிரியரைப்போல.

கரைக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றபோது பற்கள் அடித்துக்கொண்டன. மாலை இருளத் தொடங்கியிருந்தது. காதில் அமுக்கம் ஏறினால் கேட்பதும் பிசகும், பார்ப்பதும் பிசகும். அவளுடைய தொழிலே அதுதானே. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி மட்டுமே இருக்க வேண்டும். முகக் கண்ணாடியைக் கழற்றினாள். அவரும் கழற்றினார். கஜரூபனின் முகம். நெற்றியில் ரப்பர் பதிந்த கோடு. மூக்கருகே அதே மச்சம். அவளுடைய வாயிலிருந்து குளிரில் வெண்புகை எழுந்து கலைந்தது.

அவருடைய வாய் திறந்தேதான் இருந்தது.

புகை வரவில்லை.

அவள் கடலைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய்த் தடவல் போன்ற அந்த அசையாத நீரில் மிதவை நின்றது. அதற்குப் பக்கத்தில், ஒரே இடத்தில், தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குமிழிகள். ஒரு கொத்து. இடைவெளி. இன்னொரு கொத்து. அங்குமிங்கும் தேடி அலையும் மனிதனின் மூச்சென்றால் குமிழி நகர வேண்டும். இது நகரவில்லை. மேலே வரக் கயிறு கஜரூபனின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது; எதுவும் பிடித்துவைக்காவிட்டால் வந்திருப்பார். வரவில்லை. இடைவெளி குறுகிக்கொண்டே போனது.

தண்ணீருக்குள் ஓடினாள். இரண்டடி போனதும் மணிக்கட்டிலிருந்த பிடி அவளை நிறுத்தியது. உதைத்தாள். கடித்தாள். ரப்பர் உடுப்புக்குக் கீழே சதையில்லை, சேறு நிரம்பிய குளிர்தான் பல்லில் பட்டது. வான் தூரத்தில் நின்றது. தொலைபேசி அதற்குள் கிடந்தது. மணல் மேட்டு வீடுகள் கண் மூடிக் கிடந்தன.

இரண்டு வருடமாக யாரையும் கூவி அழைக்காத தொண்டையால், கடலைப் பார்த்து, அவள் கத்தினாள்.

“கஜன் அண்ணை!”

“ஓம்,” என்றது பக்கத்தில் நின்றது. அவருடைய குரலேதான். கனிவாக, அவசரமில்லாமல். “சொல்லும். நான் இஞ்சதானே நிக்கிறன்.”

மிதவையருகே குமிழிகள் இடைவெளியே இல்லாமல் பொங்கின. பிறகு சிறுத்தன. பிறகு ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னும் ஒன்று. வளையங்கள் விரிந்து விரிந்து கரைக்கு வந்து அவளுடைய காலைத் தொட்டன. அதன் பிறகு நீர் மூடிக்கொண்டது. ஒரு சுருக்கம்கூட இல்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை, மெல்ல இறங்கி, அவளுடைய விரல்களுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது.