எந்தப் பையில் சைக்கஸ்?

அக்டோபர் 14, செவ்வாய்.
என் தவறு ஒன்று இன்று தெரிந்தது. செடிகளின் பெயர்க்குச்சியில் பென்சிலால் எழுதச் சொன்னார்கள். அழகாக இருக்கட்டும் என்று நான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். நேற்று பெய்த மழையில் எல்லாம் அழிந்துவிட்டது.

எழுதிவிட்டு ரூக்ஸார் நிமிர்ந்தாள். செங்கம் சாலை நாற்றுப்பண்ணையில் மாலை வகுப்பு முடிந்திருந்தது. எதிரே இருபது பைகள். பதினெட்டில் ஈச்சங்கன்று. இரண்டில் மட்டும் சைக்கஸ்.

காட்டில் அருகிவரும் செடி அது. எட்டு விதை போட்டு, ஏழு மாதம் காத்திருந்து, முளைத்தவை அந்த இரண்டுதான். இப்போது எல்லாப் பையிலும் விரல் நீளப் பச்சை முளை. எது எதுவோ?

வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. ஈச்சங்கன்றுகளை அடி அண்ணாமலை ஏரிக்கரையில் நட பலராமன் வந்துவிட்டார்.

"ஏத்தலாமா பாப்பா?"

வகுப்புத் தோழன் இனியன் அவள் காதைக் கடித்தான். "கண்ணை மூடிட்டு ரெண்டை எடுத்து வெச்சிடு. எல்லாம் பச்சைதானே! யாருக்குத் தெரியப்போவுது?"

சுலபமான வழிதான். ஆனால் ஏரிக்கரையில் நிழலும் இல்லை, ஆடுகளும் ஜாஸ்தி.

"அண்ணா, இருங்க. நான் குழப்பிட்டேன். இதுல ரெண்டு சைக்கஸ். அங்க நட்டா செத்துடும்."

"எது அந்த ரெண்டு?"

"தெரியலைங்க."

"சரியாப் போச்சு! நான் டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள கண்டுபிடி. வந்ததும் ஏத்திடுவேன்."

ரூக்ஸார் நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினாள். மார்ச் 9: 'சைக்கஸ் விதை சின்ன எலுமிச்சை போல் உருண்டை. பாதிதான் புதைத்தோம். ஈச்சங்கொட்டை ஒல்லி. முழுதாகப் புதைத்தோம்.'

"மேல எந்த விதையும் தெரியலையே, இனியா?"

இனியன் தலையைச் சொறிந்தான். "வெயில்ல காயுதேன்னு எல்லாப் பையிலயும் நான்தான் மண்ணு போட்டேன்."

"நீயுமா!"

அழிந்துபோன பெயர்க்குச்சியாலேயே மேல்மண்ணை மெல்லச் சுரண்டினாள். பதினொரு பையில் ஒன்றுமில்லை. குறிப்பையும் தப்பாக எழுதிவிட்டேனோ?

பன்னிரண்டாவது பை. குச்சி எதிலோ தட்டியது. உருண்டையான பழுப்பு விதை! முளை அதை ஒட்டியே நின்றது. பதினேழாவது பையிலும் அப்படியே.

பலராமன் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "இத்தனூண்டுக்கா இவ்ளோ தேடினீங்க?"

"டைனோசர் காலத்துல இருந்தே இருக்கிற செடிண்ணா!"

"அப்டியா? தள்ளியே வை. என் வண்டிய முழுங்கிடப்போவுது."

பதினெட்டு ஈச்சங்கன்றுகளும் வண்டியேறின. ரூக்ஸார் இரண்டு பைகளையும் நிழலில் வைத்துவிட்டு நாட்குறிப்பைத் திறந்தாள்.

'நாளைய வேலை: இரண்டு பெயர்க்குச்சி எழுத வேண்டும். பென்சிலால்.'