ஏழு நிமிடம்

நீவெஸின் கழுத்தோரத்து லேஸ் அசைந்தது.

இயக்குநர் தாத்சியோ பதிவைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்த்தான். ஏழு நிமிட ஷாட்டில் ஐந்தாவது நிமிடம். சாம்பல் நிறப் பட்டுடையில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். லேஸ் மெல்ல ஏறி, இறங்குகிறது. அந்த நிமிடத்தில் அது அசையக் கூடாது.

"கண்ணு அசந்துபோச்சு உனக்கு," என்றான் எடிட்டர் லோரிஸ். "மூணு நாளா இந்த ஒரே ஷாட்டைக் கட்டிக்கிட்டு அழுவுற. காப்பி குடிக்கப் போறேன், வரியா?"

தாத்சியோ தலையசைத்து மறுத்தான்.

இத்தாலியின் ஃபெர்ராரா நகரில் ஐந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஓவியன் பொனிஃபாச்சோ தீட்டிய ஒரு பெண்ணின் உருவப்படத்தைப் பற்றிய திரைப்படம் அது. ஓவியத்தில் அவள் உதடுகள் லேசாக நீலம் பாரித்திருக்கும். உயிரோடிருந்தவளைப் பார்த்து வரைந்தானா, இறந்தவளை உட்காரவைத்து வரைந்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தப் பெண்ணாக நடித்த நீவெஸின் உதட்டிலும் தாத்சியோவுக்கு அந்த நீலம் வேண்டியிருந்தது. ஜனவரிக் குளிரில், பழைய மாளிகையின் நிலவறையில், ஹீட்டரை அணைக்கச் சொன்னான். "நெஞ்சை அடைக்குது தாத்சியோ" என்றாள் நீவெஸ். "அப்படியே இரு" என்றான். மூன்றாவது நிமிடம் லேஸ் நின்றுபோனது. கேமராவின் சிறு திரையில் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே மேலும் நான்கு நிமிடம் ஓடவிட்டான். நீலம் அவ்வளவு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே இதயம் பலவீனம் என்றார் மருத்துவர். எதையும் கவனிக்கவில்லை என்றான் இவன். எல்லோரும் இவனைத்தான் தேற்றினார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நீவெஸின் அம்மா எல்டா. மகளின் கடைசிக் காட்சியைக் காட்டச் சொல்லி மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள், இன்று நேரிலேயே வந்துவிட்டாள். கோட்டில் பனிமூட்டத்தின் ஈரவாசனை. அதைக் கழற்றாமலேயே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

விளக்கை அணைத்து ஓடவிட்டான். கணினியின் மெல்லிய இரைச்சல், ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி, அதற்கும் அடியில், ஒலிப்பதிவில் எப்போதும் இருந்திராத ஒரு மூச்சு.

நான்காவது நிமிடம். ஐந்து. லேஸ் ஏறி இறங்கியது.

"மூச்சு விடுறா பாரு தம்பி," என்றாள் எல்டா. குரலில் அப்படியொரு சந்தோஷம். "எடுத்து முடிச்ச பொறகுதானே போனா? கஷ்டப்படலியே?"

"இல்லம்மா. கஷ்டப்படல."

திரையில் நீவெஸின் இமைகள் திறந்தன.

அவன் விரல் பொத்தானை அழுத்தியது. படம் நிற்கவில்லை. ஏழு நிமிடம் கடந்தது. எட்டு. ஷாட் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இப்போது அறைக்குள் கேட்டது.

"நான் பார்த்தேன்," என்றான். "பொய் சொல்லிட்டேன். மூச்சு நின்னதைப் பார்த்தேம்மா. ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். தூக்கல."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கூப்பிட்டான்.

"எல்டாம்மா?"

திரை ஒருமுறை இருண்டது. மீண்டும் ஒளிர்ந்தது.

அதே நிலவறை. அதே நாற்காலி. அதில் எல்டா உட்கார்ந்திருந்தாள். ஈரக் கோட்டோடு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. காற்றுக்காக வாய் திறந்து திறந்து மூடியது. ஓரத்திலிருந்து, மெல்ல, உதட்டில் நீலம் ஏறத் தொடங்கியது.

லோரிஸைக் கத்திக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தான்.

பக்கத்து இருக்கையில் பட்டு உரசியது. யாரோ, நிதானமாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.